ஒட்டோ பிராங்கின் தோற்பை

எங்கள் வகுப்பில் அந்தப் புத்தகத்தை எல்லோரும் வாசித்தோம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோர் வீட்டுக்கும் அது போய் வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத 1994ஆம் ஆண்டு. கல்லூரி நூலகத்தில் அட்டை கழன்ற ஒரே ஒரு பிரதி. ஒருத்திக்கு இரண்டு இரவு என்று நாங்களே முறை வகுத்துக்கொண்டு, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஆன் பிராங்கின் நாட்குறிப்பை வாசித்தோம். ஆங்கிலம் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. ஷெல் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒளித்திருப்பது எப்படி என்பதை மட்டும் எந்த ரீச்சரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அன்று எங்களுக்குப் பதினான்கு வயது. நாங்கள் ஆனின் கட்சி. அவளுடைய தாயை எங்களுக்குப் பிடிக்கவில்லை. அறையைப் பங்குபோட வந்த பல் வைத்தியரை அறவே பிடிக்கவில்லை. தகப்பன் நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டதோடு அவரை மறந்துவிட்டோம்.

இப்போது எங்களில் பலருடைய வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிறது. அறைக்கதவு சாத்தியிருக்கிறது. ஸ்காபரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வகுப்புத் தோழியர் வட்ஸ்அப்பில் அனுப்பும் முறைப்பாடு ஒன்றுதான்: பிள்ளை முந்தி மாதிரிக் கதைப்பதில்லை. நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கம் கேட்டபோது அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தோம். இந்த முறை தகப்பனைத் தேடி வாசித்தோம்.

ஒட்டோ பிராங்க் 1889 மே 12ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில், வங்கித் தொழில் செய்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹைடல்பேர்க்கில் கொஞ்சக் காலம் கலை வரலாறு படித்தார். அங்கே நண்பனான அமெரிக்க மாணவன் நேதன் ஸ்ட்ரோஸின் குடும்பத்துக்குச் சொந்தமான மேசிஸ் அங்காடியில் வேலை பழக 1909இல் நியூயோர்க் போனார். அந்த ஆண்டே தகப்பன் இறந்துபோனார். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் இராணுவத்தின் பீரங்கிப் படையில் இருந்து லெப்டினன்ட் ஆனார். 1925இல், தனது 36ஆவது பிறந்தநாளன்று, ஆஹன் நகரத்து ஈடித்தைத் திருமணம் செய்தார். மூத்தவள் மார்கொட் 1926இலும் இளையவள் ஆன் 1929இலும் பிறந்தார்கள்.

ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் குடும்பம் ஒல்லாந்துக்கு இடம்பெயர்ந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒட்டோ நடத்தியது ஒப்பெக்டா என்ற நிறுவனம். ஜாம் இறுகுவதற்குச் சேர்க்கும் பெக்டினை வீட்டுப் பெண்களுக்கு விற்பதுதான் வியாபாரம். பின்னாளில் அவர்களைக் காத்த மீப் கீஸ் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வேலையாகக் கிடைத்தது சமையலறையில் நின்று ஜாம் காய்ச்சிப் பழகுவது. நாங்கள் எந்த விளக்கில் இந்தக் கதையை வாசித்தோம் என்பதை நினைத்தால் இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

சின்ன வயதில் பிள்ளைகளுக்கு அவர் இரண்டு பவுலாக்களின் கதை சொல்லுவார். ஒருத்தி நல்ல பவுலா, மற்றவள் குழப்படிப் பவுலா. இருவரையும் அவரே கற்பனை செய்தார். வீட்டில் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிம். கோபம் வந்தாலும் குரல் உயராத மனிதர். அண்டை அயலில் உள்ள பிள்ளைகளும் அவரைத் தேடி வருவார்கள். இவ்வளவும் சின்னப் பிள்ளைகளுக்குப் போதுமானது. பெரிய பிள்ளைகளுக்கு இது போதாது என்பதை அவர் படித்துக்கொண்ட விதம்தான் எங்களுக்கு முக்கியமாகப்பட்டது.

1942 ஜூன் 12ஆம் திகதி ஆனுக்குப் பதின்மூன்று வயது. தகப்பன் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட கொப்பி அன்று அவள் கைக்கு வந்தது. சில வாரங்களுக்குள் ஒருநாள் வீட்டுக்கு முன்னாலிருந்த சதுக்கத்தைச் சுற்றி நடக்கும்போது, தாங்கள் ஒளித்துவாழப் போகவேண்டி வரும் என்பதை அவளுக்கு அவர் சொன்னார். வீட்டுக்குள் எல்லோரையும் இருத்திவைத்துச் சொல்லவில்லை. நடந்துகொண்டு சொன்னார். முகத்துக்கு முகம் பார்க்காமல் கதைக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறப்பது இலேசு. கிளினிக்கில் நாங்கள் இதைப் பல தடவை பார்த்திருக்கிறோம். கேள்வி கேட்கும்போது கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் பதில் வரும், நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடும்.

ஜூலை 5ஆம் திகதி பதினாறு வயது மார்கொட்டைத் தொழில்முகாமுக்கு வரும்படி அழைப்பாணை வந்தது. மறுநாளே பிரின்சன்கிராக்ட் 263ஆம் இலக்கத்தில், அலுவலகத்துக்குப் பின்புறமாக இருந்த மறைவிடத்துக்குள் போய்விட்டார்கள். பின்னர் வான் பெல்ஸ் குடும்பத்தினர் மூவர், நவம்பரில் பல் வைத்தியர் பிரிட்ஸ் பெப்பர். மொத்தம் எட்டுப் பேர். இரண்டு ஆண்டுகளும் ஒரு மாதமும்.

போகுமுன்னமே ஆன் சேர்த்துவைத்திருந்த சினிமா நட்சத்திரங்களின் படங்களையும் அஞ்சலட்டைகளையும் ஒட்டோ அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார். உயிருக்கு ஒளித்துப் போகிறவர் அரிசி, பருப்பு, உடுப்புக்கு மேலாக ஒரு பிள்ளையின் படங்களையும் நினைத்து எடுத்துவைத்திருக்கிறார். 1995இல் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்த எங்களுக்கு, ஒரு பையில் எதைத் திணிப்பது எதை விடுவது என்ற கணக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் ஓட்டோகிராப் கொப்பியை எடு என்று சொன்ன பெரியவர் எவரும் இருந்ததாக நினைவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

மறைவிடத்தில் அவர் வாத்தியார். மூன்று பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். டிக்கின்ஸை அகராதியோடு தானும் வாசித்தார். தபால்மூலம் சுருக்கெழுத்துப் படிக்க ஒழுங்கு செய்தார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கி வெடிக்கும் இரவுகளில் ஆன் தகப்பனின் கட்டிலுக்கு ஓடிவருவாள். சுவர்த்தாளில் பென்சிலால் கோடு போட்டு இருவரின் உயரத்தையும் குறித்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் ஆன் 13 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தாள்.

மேசைச் சண்டையை இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும். பெப்பர் வந்ததும் மார்கொட் பெற்றோரின் அறைக்குப் போக, ஆன் ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதரோடு ஒடுங்கிய அறையைப் பகிரவேண்டி வந்தது. அதில் ஒரு சின்ன மேசை. வாரத்தில் இரண்டு பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் அந்த மேசை தனக்கு வேண்டும் என்று அவள் பெப்பரிடம் மரியாதையாகக் கேட்டாள். அவர் மறுத்தார். ஒரு சிறுமிக்கு என்ன பெரிய வேலை என்பது அவருடைய எண்ணம். ஆன் தகப்பனிடம் போனாள். ஒட்டோ என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். முதலில் அவளே போய்க் கேட்கட்டும் என்று விட்டிருந்தார். அது சரிவராதபோதுதான் தான் போய், பெப்பரோடு அரை மணித்தியாலம் வரை இருந்து கதைத்தார். பெரியவரை எதிர்த்துக் கதைத்தது பிழை என்று பிள்ளையைத் திட்டவில்லை. கடைசியில் அவளுக்கு இரண்டு பின்னேரங்கள் கிடைத்தன, கொஞ்சம் நேரம் குறைவாக.

எழுதியதை வைப்பதற்கும் இடம் வேண்டும். அலுமாரியில் பூட்டு இல்லாத, எட்டுப் பேர் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு நடக்கிற வீடு. ஒட்டோவின் தோற்பை இரவில் அவர் கட்டிலருகே இருக்கும். அதற்குள் தன் நாட்குறிப்பை வைக்கலாமா என்று ஆன் கேட்டாள். வைக்கலாம், தான் பார்க்கமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் அது இரவிரவாக இருந்தது. அவர் பார்க்கவில்லை.

இந்த இடத்துக்கு வந்தபோது நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். எங்களுக்கும் ஒரு இரவு வந்தது. மகள் நித்திரையான பிறகு அவளுடைய போன் எங்கள் கையில். கடவு எண் தெரியும். அவளுக்கு நல்லதற்குத்தான் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு திறந்தோம். உள்ளே பயப்படும்படி ஒன்றுமில்லை. தோழிகளோடு பரிமாறிய பகிடிகள், அம்மாவைப் பற்றிய இரண்டு மூன்று வரிகள். அடுத்த நாள் கடவு எண் மாறியிருந்தது. அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஊரார் பிள்ளைகளின் தாய்மாரை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தனியே கேட்கும் வைத்தியர்தான் இதைச் செய்தது.

ஒட்டோவைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. 1944 வசந்தத்தில் ஆன் மேல்தட்டில் பீற்றர் வான் பெல்ஸோடு பின்னேரங்களைக் கழிக்கத் தொடங்கியபோது, அவரும் எந்தத் தகப்பனையும் போலப் பயந்தார். அடிக்கடி மேலே போகவேண்டாம் என்றார். மே மாதத் தொடக்கத்தில் ஆன் அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். தான் பட்ட துன்பத்தில் பெற்றோர் யாரும் துணைநிற்கவில்லை, தனியே போராடி வளர்ந்துவிட்டேன், இனி யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை என்பது அதன் சாரம். பதினான்கு வயதில் நாங்கள் அதை வாசித்துக் கைதட்டினோம். நாற்பதுகளில் வாசித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அவர் கத்தவில்லை. நாட்கணக்கில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கவுமில்லை. அவளை இருத்தி நெடுநேரம் கதைத்தார். வாழ்க்கையில் தனக்கு வந்த கடிதங்களில் இதைப்போல நோகச் செய்தது வேறில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். இருவரும் அழுதார்கள். எங்கள் அப்பாமார் றிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது பார்த்த பார்வையை வைத்தே மனதை ஊகிக்கப் பழகிய எங்களுக்கு, மகளுக்கு முன்னால் அழுகிற தகப்பன் ஒரு புதுமைதான். ஆன் வெட்கப்பட்டாள். தான் எழுதியது அநியாயம் என்று நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டாள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. ஜூலை நடுப்பகுதியில், பிடிபடுவதற்கு மூன்று வாரம் முன்பு, தகப்பன் ஏன் தனக்குத் துணையாக இருக்க முடியாமல் போனது என்று அவள் மறுபடி எழுதுகிறாள். அவர் தன்னை ஆனாகப் பார்க்காமல் அந்த வயதுப் பெண்பிள்ளைகளில் ஒருத்தியாகப் பார்த்தார், எல்லாம் வயதின் கோளாறு, போகப்போகச் சரியாகும் என்ற மாதிரியே கதைத்தார் என்பது அவளுடைய மனக்குறை. அதனால் தன் உள்ளத்து எண்ணங்களை அவரிடம் அவள் சொல்லவே இல்லை. வைத்தியர்களாகிய எங்களுக்கு இது நேரே வந்து தைக்கிறது. இது இந்த வயதில் வழமைதான் என்று சொல்லித் தாயையும் மகளையும் அனுப்பிவைத்த பின்னேரங்கள் எத்தனை.

1944 ஆகஸ்ட் 4ஆம் திகதி காலை அவர்கள் பிடிபட்டார்கள். வந்த நாசி அதிகாரி சில்பர்பவர் நகையும் காசும் எங்கே என்று கேட்டான். அள்ளிப் போட ஒரு பை தேவைப்பட்டது. ஒட்டோவின் தோற்பையை எடுத்து உள்ளே இருந்ததை நிலத்தில் கொட்டினான். வாக்குக் கொடுத்தவர் இரண்டு ஆண்டுகளாகத் தொடாத தாள்கள் அப்படித்தான் வெளியே வந்தன. மீப்பும் பெப் வொஸ்கெயிலும் பிறகு வந்து அவற்றைப் பொறுக்கினார்கள். மீப் தன் மேசை லாச்சியில் போட்டுவைத்தார். அவரும் வாசிக்கவில்லை. பிள்ளை திரும்பி வந்தால் அவளிடமே கொடுக்கவேண்டியது அது.

செப்டெம்பர் 3ஆம் திகதி வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து அவுஸ்விட்ஸுக்குப் புறப்பட்ட கடைசிப் புகைவண்டியில் எட்டுப் பேரும் இருந்தார்கள். அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஈடித்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பதினான்கு வயதில் அவருக்கு நாங்கள் அநியாயம் செய்தோம். அந்த முகாமில் தாயும் இரண்டு பெண்களும் பிரியாமல் இருந்தார்கள் என்று உயிர் தப்பி வந்த பெண்கள் சொன்னார்கள். பிள்ளைகள் சொறிநோய்க் கொட்டிலில் அடைக்கப்பட்டபோது, சுவருக்கு அடியில் தோண்டிய துளையால் பாணைக் கொடுத்திருக்கிறார் தாய். நாட்குறிப்பில் இந்தத் தாய் இல்லை. எழுத அவளுக்குக் கொப்பி இருக்கவில்லை.

ஆண்கள் முகாமில் ஒட்டோ ஒரு இளைஞரிடம் தன்னை அப்பா என்று கூப்பிடும்படி கேட்டுக்கொண்டார். அந்த இளைஞருக்குச் சொந்தத் தகப்பன் இருந்தார். ஆனால் யாருக்காவது தகப்பனாக இருக்கவேண்டிய தேவை ஒட்டோவுக்குத்தான் இருந்தது. 1945 ஜனவரி 27இல் சோவியத் படை வந்தது. ஜனவரி 6ஆம் திகதியே ஈடித் இறந்துவிட்டதை வீடு திரும்பும் வழியில் அறிந்தார். ஒடெசாவிலிருந்து கப்பலில் மார்செய் வந்து ஜூன் 3ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் சேர்ந்து, மீப்பின் வீட்டில் தங்கினார். பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருந்தார். பேர்கன்-பெல்சனில் இருவரும் இறந்ததை நேரே கண்ட சகோதரிகளிடமிருந்து ஜூலையில் உறுதியான செய்தி வந்தது. அதன்பிறகுதான் மீப் லாச்சியைத் திறந்தார்.

ஒரே மூச்சில் அவரால் வாசிக்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தார். பாஸலில் இருந்த தன் தாய்க்காக ஜேர்மன் மொழியில் பெயர்த்து எழுதினார். தான் அறிந்திராத ஒரு மகளைக் கண்டதாகப் பின்னாளில் தொலைக்காட்சியில் சொன்னார். அவ்வளவு நெருக்கமாக இருந்தும் அவளுடைய எண்ணங்களின் ஆழம் தெரியவில்லை என்றும், பெற்றோரில் பெரும்பாலானோர் தங்கள் பிள்ளைகளை உண்மையில் அறிவதில்லை என்ற முடிவுக்கே தான் வந்ததாகவும் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த தகப்பன்மாரில் அதிகம் செவிகொடுத்தவர் சொன்னது இது.

1947 ஜூன் 25ஆம் திகதி நூல் வெளிவந்தது. தாயைப் பற்றிய சில கடுமையான இடங்களையும், உடல் பற்றி ஆன் எழுதிய சிலவற்றையும் அவர் விட்டுவிட்டார். தன் திருமணத்தைப் பற்றி ஆன் எழுதிய ஐந்து தாள்களை வெளிவிடாமல் வைத்திருந்தார். அவை அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே தெரியவந்தன. இதற்காக அவரைக் கண்டிப்பவர்கள் உண்டு. இறந்த மனைவிக்காகப் பேச வேறு யாரும் இல்லாத ஒருவர் செய்தது என்றே எங்களுக்குப் படுகிறது. தன்னை நோகடித்த அந்த மே மாதக் கதையையும், துணைநிற்கவில்லை என்ற ஜூலைக் குற்றச்சாட்டையும் அவர் நீக்கவில்லை. உலகம் முழுவதும் வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

1953இல் எல்பிரீடே என்ற, நாசி முகாமில் கணவனையும் மகனையும் இழந்த பெண்ணைத் திருமணம் செய்தார். சுவிற்சர்லாந்தின் பாஸலிலும் பின்னர் அருகிலுள்ள பிர்ஸ்பெல்டனிலும் வாழ்ந்தார்கள். அங்கேதான் கடிதங்கள் வரத் தொடங்கின, ஆயிரக்கணக்கில். எழுதியவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதினர். ஆனைப் பற்றிக் கேட்பதற்காகத் தொடங்குவார்கள், பிறகு தங்களைப் பற்றி எழுதுவார்கள். வீட்டில் சொல்ல முடியாததை, முகமறியாத ஒரு முதியவருக்கு எழுதினார்கள். கணவனும் மனைவியுமாக இருந்து பதில் எழுதினார்கள், மனைவி தட்டச்சு செய்தார். 1959இல் வந்த திரைப்படத்தில் ஆனாக நடிக்கத் தெரிவாகாத அமெரிக்கச் சிறுமி ஒருத்தி அவருக்கு எழுதிய கடிதத்துக்கு வந்த பதில், அவர் இறக்கும்வரை தொடர்ந்த கடிதப் போக்குவரத்தாகியது.

மார்கொட்டும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தாள். ஆனின் எழுத்திலிருந்துதான் அது தெரியும். மார்கொட் கெட்டிக்காரி, சொல்வழி கேட்பவள், கேள்வி கேட்டால் மட்டும் பதில் சொல்பவள். நம் கல்லூரியில் ஒவ்வொரு வகுப்பிலும் முன்வாங்கில் இருந்த பிள்ளை. பலஸ்தீனத்துக்குப் போய்ப் பிறந்த குழந்தைகளைப் பராமரிக்கும் தாதியாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு மேல் அவள் மனதில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கொப்பி கிடைக்கவேயில்லை. குரல் உயர்த்தி மேசை கேட்ட மகளை ஒட்டோ தாமதமாகவேனும் வாசித்தறிந்தார். கரைச்சல் தராத மகளை அறிய அவருக்கு அந்த வழியும் இருக்கவில்லை. கிளினிக்கில் வயிற்றுநோ என்று வருகிற, பரிசோதனையில் ஒன்றும் தெரியாத, தாய் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் பேசாமல் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் மார்கொட்டின் நினைவு வருகிறது.

1960இல் அந்த மறைவிடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒட்டோ 1980 ஆகஸ்ட் 19ஆம் திகதி பிர்ஸ்பெல்டனில் 91ஆவது வயதில் காலமானார். ஒல்லாந்தில் குடியிருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு தன் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் அதிக நேரம் நின்றது சுவர்த்தாளில் இருந்த பென்சில் கோடுகளுக்கு முன்னால். தன் உயரத்தோடு ஒத்துப் பார்த்தாளாம். என்ன நினைத்தாள் என்று தாய் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ட்ராமில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இருவரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்களாம்.